சந்தின் அகலம்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் எல்.டி.சி. விடுப்புப் பயணச் சலுகையில் குடும்பத்தோடு டெல்லி, அமிர்தசரஸ் போய் வந்தோம். பொற்கோயிலைப் பார்த்துவிட்டு அங்கிருந்து நடந்தே ஜாலியன்வாலா பாக் போனோம். ஐந்து நிமிட நடைதான்.

பள்ளிக்கூடத்தில் படித்த நாளிலிருந்து அந்த இடத்தை மனதில் ஒரு மாதிரி வைத்திருந்தேன். உயரமான சுவர், ஒரே வாசல், ஒரு கிணறு. போய்ப் பார்த்தால் நுழைகிற சந்திலேயே இரண்டு பக்கச் சுவர்களிலும் சிற்பங்கள். ஆண்கள், பெண்கள், குழந்தைகள் என்று மைதானத்துக்குள் போகிற ஒரு கூட்டம். சிலர் சிரித்த முகமாக இருக்கிறார்கள். எல்லாரும் அந்தச் சிற்பங்களோடு நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நாங்களும் எடுத்தோம். எட்டாவது படிக்கும் என் மகன், "இவங்க ஏம்ப்பா சிரிக்கிறாங்க?" என்று கேட்டான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கிணற்றைச் சுற்றிக் கண்ணாடி போட்டிருக்கிறார்கள். எட்டிப் பார்த்தேன், முதலில் என் முகம்தான் தெரிந்தது. ஒலி-ஒளிக் காட்சிக்கு நிற்கவில்லை. வாகா எல்லைக் கொடியிறக்கத்துக்கு வண்டி பிடிக்க வேண்டியிருந்தது.

அங்கே நின்றால் அழுகை வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. அதுவே ஒரு குற்றவுணர்ச்சியாக இருக்கிறது. எனக்கு இரண்டு கேள்விகள். போராட்டத்துக்குக் கூடிய மக்களை அரசாங்கமே சுட்டுக் கொன்ற இடத்தில் கலைக்கு என்ன வேலை? இடத்தை அப்படியே விட்டுவிட்டால் போதாதா? ஒரு பழைய கட்டுரையில், 'இழப்பு நடந்த இடத்தில் கலை இல்லாவிட்டால் அது வெறும் காலி மனை' என்று எழுதியிருந்தீர்கள். சந்தில் நின்றபோது அந்த வரி நினைவுக்கு வந்து, மன்னிக்கவும், கோபம்தான் வந்தது. அடுத்தது, எனக்கு ஒன்றும் தோன்றாமல் போனது என் குறையா, அந்த இடத்தின் குறையா?

அன்புடன்,
ம.

*

அன்புள்ள ம.,

அந்த வரியை எழுதியவன் நான்தான். இப்போது படித்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. எழுதும்போது ஓசை நன்றாக விழுந்துவிட்டது, அதனால் விட்டுவைத்தேன். அப்படி விட்டுவைத்த வரிகள்தான் பிறகு ஆள் அனுப்பிக் கேள்வி கேட்கின்றன. உங்கள் கோபம் நியாயமானது.

அழுகை விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். அது உங்கள் குறை இல்லை. இடத்தின் குறை என்றும் முழுக்கச் சொல்ல மாட்டேன். நூறு வருடத்துக்கு முன்னால் நடந்த சாவுக்குக் காலை பதினொரு மணிக்கு, கையில் தண்ணீர் பாட்டிலோடு, வாகா வண்டியை யோசித்துக்கொண்டு நிற்கிற ஒருவருக்கு அழுகை வரவேண்டும் என்று ஒரு சட்டமும் கிடையாது. வந்தால் அதையும் கொஞ்சம் சந்தேகப்படலாம். நினைவிடம் கட்டுகிறவர்கள் பலர் பார்வையாளரை அழவைப்பதுதான் தங்கள் வேலை என்று நினைக்கிறார்கள். வீணை இசை, கனத்த குரல், சிவப்பு விளக்கு எல்லாம் அங்கிருந்துதான் வருகின்றன. நமக்காக அவையே உணர்ந்து முடித்துவிடுகின்றன. நாம் செய்வதற்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை, படம் எடுப்பதைத் தவிர.

இனி சந்துக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான்.

1919 ஏப்ரல் 13, பஞ்சாபின் அறுவடைத் திருநாளான பைசாகி. ரௌலட் சட்டத்தை எதிர்த்த கிளர்ச்சியில் கிச்லூ, சத்யபால் என்ற இரண்டு தலைவர்களைப் பிடித்து ஊரைவிட்டு அனுப்பியிருந்தார்கள். அதைக் கண்டிக்கத்தான் கூட்டம். திருவிழாவுக்கு வெளியூரிலிருந்து வந்தவர்களும், சும்மா காற்று வாங்க உட்கார்ந்தவர்களும் அதில் இருந்தார்கள். மாலையில் ஜெனரல் டயர் வந்தார். துப்பாக்கிக்காரர்கள் ஐம்பது பேர், குக்ரிக் கத்தி மட்டும் வைத்திருந்த கூர்க்காக்கள் நாற்பது பேர், இயந்திரத் துப்பாக்கி பொருத்திய கவச வண்டிகள் இரண்டு. வண்டிகள் வெளியே தெருவிலேயே நின்றுவிட்டன. ஏன் தெரியுமா? சந்து குறுகல். உள்ளே நுழையவில்லை.

பிறகு அரசாங்கம் அமைத்த ஹண்டர் குழு விசாரித்தபோது இதைக் கேட்டார்கள். சந்து அகலமாக இருந்து வண்டிகள் உள்ளே போயிருந்தால் இயந்திரத் துப்பாக்கியால் சுட்டிருப்பீர்களா என்று. அநேகமாக ஆமாம் என்று டயர் சொன்னார். மழுப்பவில்லை, கோபப்படவும் இல்லை. ஒரு பொறியாளர் பாலத்தின் தாங்குதிறனைச் சொல்வதுபோலச் சொன்னார்.

ஆகவே அந்தச் சந்தின் அகலம் ஒரு சாட்சி. பத்து நிமிடச் சூட்டில் 1650 தோட்டாக்கள் செலவாயின. அந்த எண்ணிக்கை அதோடு நின்றதற்கும் அதே சந்துதான் காரணம், தப்பி ஓடியவர்கள் நெரிபட்டதற்கும் அதைப் போன்ற சந்துகள்தான் காரணம். (ஒரே வாசல் என்று நம் பாடப்புத்தகம் சொன்னது சரியில்லை. வேறு சில குறுகல் வழிகளும் இருந்தன. சில பூட்டிக் கிடந்தன, மற்றவற்றில் ஆள்மேல் ஆள் விழுந்தார்கள். டயரின் ஆட்கள் நின்றது பிரதான வாசலின் இரு பக்கமும், கொஞ்சம் மேடான தரையில்.) அங்கே போகிற ஒருவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். இரண்டு சுவர்கள், நடுவே இவ்வளவு இடம். அதற்கு ஒரு சிற்பியும் வேண்டாம்.

2021இல் புதுப்பித்துத் திறந்தபோது அந்தச் சுவர்களில் சிற்பங்களை வைத்தார்கள். வரலாற்றாசிரியர்கள் பலர் கண்டித்தார்கள். பெரும்பாலும் 'கேளிக்கைப் பூங்கா ஆக்கிவிட்டார்கள்' என்ற தொனியில். என் குறை வேறு. சிற்பங்கள் அழகாக இருக்கின்றனவா இல்லையா என்பதே எனக்கு இரண்டாம்பட்சம். உலகத்தில் எத்தனையோ சுவர் இருக்க, சாட்சி சொல்கிற சுவரின் மேல் கொண்டுபோய் ஏன் வைத்தீர்கள்? நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டில் நிற்பவருக்குப் பட்டுச் சால்வை போர்த்தி, வாயையும் சேர்த்து மூடிவிட்ட மாதிரி.

அதற்காகப் பழைய பாக் புனிதமாக இருந்தது என்றும் நான் சொல்லப்போவதில்லை. நான் போனது புதுப்பிப்புக்கு முன்னால். கட்டடக் கலைஞர் பெஞ்சமின் போல்க் வடிவமைத்து 1961இல் திறந்த செங்கல் நிறத் தூண் நடுவில் நின்றது. சுற்றிப் புல்வெளி. அங்கே ஒரு வேலை செய்து வைத்திருந்தார்கள், இன்றைக்கும் நினைத்தால் சிரிப்பதா நொந்துகொள்வதா என்று தெரியவில்லை. புதர்ச் செடிகளைக் கத்தரித்துக் கத்தரித்து, மண்டியிட்டுத் துப்பாக்கி நீட்டும் சிப்பாய்களாக ஆக்கியிருந்தார்கள். பச்சைச் சிப்பாய்கள். மழை பெய்தால் துளிர்விடுவார்கள், தோட்டக்காரர் மறுபடி வெட்டுவார். அதன் நிழலில் குடும்பங்கள் உட்கார்ந்து பூரி சாப்பிட்டன. 1919இல் அங்கே புல்லும் இல்லை பூவும் இல்லை. மேடும் பள்ளமுமான வெற்றுத் தரை. நிலத்தைப் பிறகு மக்களிடம் நிதி திரட்டி வாங்கினார்கள். அந்தப் படுகொலையை நேரில் பார்த்துத் தப்பிய ஷஷ்டி சரண் முகர்ஜி என்ற வங்காளி மருத்துவர் அதற்காக அலைந்தார், அவர் குடும்பமே தலைமுறைகளாக அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டது. அப்படியே விட்டுவிடலாமே என்கிறீர்களே, அந்த 'அப்படியே' எந்த வருடத்து அப்படியே என்பது லேசான கேள்வி இல்லை.

ஆனால் பழைய பாக்கில் நான் பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும். செங்கல் சுவரில் தோட்டா பாய்ந்த குழிகளைச் சுற்றி வெள்ளைக் கட்டம் போட்டிருந்தார்கள். கூடுதலாக ஒன்றும் செய்யவில்லை, கட்டம் மட்டும். ஒரு பையன், உங்கள் மகன் வயதுதான் இருக்கும், ஒரு குழிக்குள் சுட்டுவிரலை விட்டான். முதல் கணு வரை போனது. எடுத்துப் பார்த்தான். நுனியில் செங்கல் தூள். அதைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு அடுத்த குழிக்குப் போனான். ஒவ்வொன்றாக எல்லாக் கட்டத்திலும் விட்டுப் பார்த்தான், கை எட்டாததற்குக் குதித்தான். அவன் முகத்தில் துக்கம் ஒன்றும் இல்லை. அளந்துகொண்டிருந்தான், அவ்வளவுதான். இப்போது அவனுக்கு இருபத்தைந்து வயதாவது இருக்கும். அந்த நாளை அவன் விரல் மறந்திருக்காது என்று நான் நம்புகிறேன்.

அந்தப் பையனைப் பார்த்த பிறகுதான் எனக்கு ஓர் அளவுகோல் கிடைத்தது. இந்த மாதிரி இடத்தில் கலை என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால், வருகிறவர் கைக்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும் என்பேன்.

மெக்சிகோ நகரத்தில் ஒருவர் அதைச் செய்தார். 1968 அக்டோபர் 2, ட்லாடெலோல்கோ என்ற இடத்தில் மூன்று பண்பாடுகளின் சதுக்கத்தில் மாணவர்கள் கூடியிருந்தார்கள். பத்து நாளில் அங்கே ஒலிம்பிக் தொடங்க இருந்தது. ராணுவம் சுட்டது. எத்தனை பேர் செத்தார்கள் என்று இன்றுவரை ஒத்துக்கொண்ட கணக்கு இல்லை. இருபத்தைந்து வருடம் கழித்து, 1993இல் அங்கே ஒரு கல்லை நட்டார்கள். அதில் இருபது பெயர்கள், பக்கத்தில் வயது. கடைசியில், பெயரும் வயதும் இன்னும் தெரியவராத வேறு பல தோழர்கள் என்று ஒரு வரி. கல்லில் போய் 'இன்னும்' என்ற சொல்லை வெட்டியிருக்கிறார்கள் பாருங்கள். கல்வெட்டு என்றால் முடிந்துபோன விஷயம் என்றுதானே நமக்குப் பழக்கம்? இது பாதியில் நிறுத்தி, தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று காத்திருக்கிறது.

2008இல், நாற்பதாவது ஆண்டுக்கு, ரஃபேல் லோசானோ-ஹெம்மர் என்ற கலைஞர் அதே சதுக்கத்தில் தற்காலிகமாக ஒரு நிறுவல் கலை வைத்தார். ஒரு மெகாஃபோன். வருகிறவர் யாரும் அதில் பேசலாம். பேசினால், பக்கத்திலுள்ள பத்து கிலோவாட் தேடுவிளக்கு குரலுக்கு ஏற்ப மின்னும். சத்தம் கூடினால் ஒளி கூடும், மௌனமானால் அணைந்துவிடும். அந்த ஒளி பழைய வெளியுறவு அமைச்சகக் கட்டடத்தின் உச்சியில் பட்டதும், அங்கிருந்து இன்னும் மூன்று விளக்குகள் அதை வாங்கி நகரத்தின் மூன்று திசைகளுக்கு வானத்தில் அனுப்பும். வானம் தெளிவாக இருந்தால் பதினைந்து கிலோமீட்டர் தள்ளியும் தெரியும். எங்கோ ஒரு மொட்டைமாடியில் துணி எடுக்கப்போன ஒருத்தி வானத்தில் வெளிச்சம் துடிப்பதைப் பார்க்கிறாள் என்று வையுங்கள். வானொலியைத் திருப்பினால் 96.1இல், அந்த வெளிச்சம் என்ன பேசுகிறது என்று கேட்கலாம். தணிக்கை இல்லை. யாரும் பேசாத நேரத்தில் சதுக்கத்து விளக்கு அணைந்தே கிடக்கும். உச்சியிலுள்ள விளக்குகள் மட்டும், உயிர்தப்பியவர்களின் பழைய ஒலிப்பதிவுகளுக்கு மின்னிக்கொண்டிருக்கும்.

இதில் எனக்குப் பிடித்தது விளக்கின் பிரமாண்டம் இல்லை. பிரமாண்டம் என்றாலே எனக்கு அலர்ஜி. பேச ஆள் வந்தால்தான் விளக்கு எரியும் என்ற ஏற்பாடு பிடித்தது. நாலு பேர் கூடிச் சத்தமாகப் பேசியதற்காகச் சுட்டுக் கொன்ற இடம் அது. அங்கே, அதே குற்றத்தைச் செய்தால்தான் நினைவுச்சின்னம் இயங்கும்.

அமெரிக்காவில் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகம் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1970 மே 4, வியட்நாம் போரை எதிர்த்து மாணவர் போராட்டம். தேசியக் காவல்படை பதின்மூன்று நொடிகளில் அறுபத்தேழு முறை சுட்டது. நான்கு பேர் செத்தார்கள், ஒன்பது பேருக்குக் காயம். செத்த நால்வரில் இருவர் போராட்டத்தில்கூட இல்லை. அதற்கு நினைவாக ஜார்ஜ் சீகல் என்ற சிற்பியிடம் வேலை ஒப்படைத்தார்கள். அவர் ஆபிரகாம், ஈசாக்கு கதையை எடுத்துக்கொண்டார். மண்டியிட்டிருக்கும் இளைஞன், எதிரே கையில் கத்தியோடு தகப்பன். பல்கலைக்கழகம் மிரண்டுபோய் வேண்டாம் என்றுவிட்டது. அந்த வெண்கலம் இன்று பிரின்ஸ்டனில் தேவாலயத்தின் பக்கத்தில் நிற்கிறது. நல்ல சிற்பம். பெரியவர்கள் பிள்ளைகளைப் பலிகொடுத்தார்கள் என்று ஒரு குற்றச்சாட்டு அதில் இருக்கிறது, பல்கலைக்கழகம் பயந்ததில் ஆச்சரியமில்லை.

ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது ஒரு வண்டி நிறுத்துமிடம். அந்த நான்கு பேரும் விழுந்தது மாணவர் விடுதியின் வாகன நிறுத்தத்தில். கிட்டத்தட்ட முப்பது வருடம் அதன்மேல்தான் கார்கள் நின்றன. எண்ணெய் சொட்டியது, டயர் தேய்ந்தது. 1999இல்தான் அந்த நான்கு இடங்களையும் மட்டும் அடைத்து, சுற்றிலும் சிறிய விளக்குத் தூண்கள் நட்டு, பெயர் பொறித்த கல்லைப் பதித்தார்கள். மற்ற கட்டங்களில் வழக்கம்போல வண்டி நிற்கிறது. காலையில் வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று இடம் தேடிச் சுற்றுகிற மாணவர் அந்த நான்கு கட்டத்தின் பக்கத்தில் வருகிறார், வேகத்தைக் குறைக்கிறார், இங்கே முடியாது என்று அடுத்ததற்குப் போகிறார். தினமும் செய்கிற அஞ்சலி என்றால் இதுதான். செய்கிறோம் என்று அவருக்கே தெரியாது. யாராவது சிற்பி யோசித்திருந்தால் இவ்வளவு எளிமையாக வந்திருக்காது.

அதே வளாகத்தில் டான் டிரம் செய்த எஃகுச் சிற்பம் ஒன்று உண்டு. 1967இல் வைத்தது, எதற்கும் நினைவாக அல்ல, சும்மா அழகுக்கு. அன்றைக்கு ஒரு தோட்டா அதைத் துளைத்துக்கொண்டு போனது. ஓட்டையை யாரும் அடைக்கவில்லை. கலை சாட்சியானது என்று சொல்ல நாக்கு துடிக்கிறது, வேண்டாம், ஏற்கெனவே ஒரு வரிக்கு வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். தகட்டில் ஒரு வட்ட ஓட்டை இருக்கிறது. அவ்வளவு போதும்.

ஹாங்காங் கதை வேறு மாதிரி. 1989 ஜூன் 4, பெய்ஜிங்கின் தியானன்மென் போராட்டத்தில் ராணுவத்தால் கொல்லப்பட்டவர்களுக்காக டென்மார்க்கின் யென்ஸ் கால்ஷியட் செய்த 'வெட்கத் தூண்' என்ற சிலை, 1997இலிருந்து அங்கே நின்றது. எட்டு மீட்டர் உயரம். ஒன்றன்மேல் ஒன்றாகத் திருகிக் கிடக்கும் ஐம்பது உடல்கள், வாய் திறந்த முகங்கள். நேர்மையாகச் சொன்னால், சிற்பமாக எனக்கு அது ஒப்பவில்லை. பார்ப்பவர் தோளைப் பிடித்து உலுக்குகிற வகை. ஆனால் ஹாங்காங் பல்கலைக்கழகத்தில் அது நின்ற காலத்தில் ஆண்டுதோறும் ஜூன் 4 நெருங்கும்போது மாணவர்களும் மற்றவர்களும் வாளியும் துணியுமாக வந்து அதைக் கழுவினார்கள். கண்ணிமை இடுக்கில் படிந்த தூசியைத் துணி நுனியால் எடுக்க வேண்டியிருக்கும், யோசித்துப் பாருங்கள். பிடிக்காத சிலையாக இருந்தாலும், முகத்தை ஒரு முறை துடைத்துவிட்ட பிறகு அது தெரிந்தவர் முகமாகிவிடும். நம் வீட்டில் சாமி படத்தைத் துடைக்கிறவருக்குத்தான் அதில் எந்த மூலை கறுத்திருக்கிறது என்று தெரியும், இல்லையா?

2021 டிசம்பரில், ஓர் இரவில், தடுப்பு கட்டி மறைத்து, அதைப் பிரித்து, சுற்றிக் கட்டி எடுத்துப் போனார்கள். அடுத்த ஓரிரு நாளில் வேறு இரண்டு பல்கலைக்கழகங்களிலிருந்தும் தியானன்மென் நினைவாக இருந்தவை போயின. 2023இல் போலீஸ் அந்தத் தூணை ஒரு வழக்கின் சாட்சியப் பொருளாகக் கைப்பற்றியது. சிலைக்கு இதைவிடப் பெரிய மரியாதையைச் சிற்பிகூடத் தர முடியாது. அவர் தன் பங்குக்கு, யார் வேண்டுமானாலும் அச்சிட்டுக்கொள்ளலாம் என்று உரிமையை விட்டுக்கொடுத்துவிட்டார். இப்போது அது மேசைமேல் வைக்கிற அளவில் பல ஊர்களில் இருக்கிறது. கழுவுகிற வேலை மட்டும் நின்றுவிட்டது.

நல்லதை மட்டும் சொல்லிக்கொண்டு போகிறேன் என்று நினைக்க வேண்டாம். மான்செஸ்டரில் 1819இல் நடந்த பீட்டர்லூ படுகொலைக்கு 2019இல் கலைஞர் ஜெரமி டெல்லர் வடிவமைத்த நினைவிடம், வட்டவட்டமான படிகளாக ஏறும் ஒரு கல்மேடை. மேலே ஏறி நின்று பேசலாம், உட்காரலாம், போராட்டமும் நடத்தலாம். என் அளவுகோலுக்கு நூற்றுக்கு நூறு வாங்க வேண்டியது. படி ஏற முடியாதவர்கள் வந்து, சக்கர நாற்காலியில் நாங்கள் எப்படி ஏறுவது என்று கேட்டார்கள். எல்லாருக்கும் சம உரிமை கேட்டுச் செத்தவர்களின் நினைவுமேடையில் எல்லாரும் ஏற முடியாது! என் அளவுகோலில் எவ்வளவு ஓட்டை என்று அன்றைக்குத் தெரிந்தது. கைக்கு வேலை கொடுப்பது சரி, யார் கைக்கு என்பதை நான் யோசித்திருக்கவில்லை.

சரி, ஜாலியன்வாலா பாக்குக்குத் திரும்புவோம். அங்கே எனக்கு அதிகாரம் கொடுத்தால் என்ன வைப்பேன் என்று ஒரு நண்பரிடம் அளந்துகொண்டிருந்தேன். தினமும் மாலை பத்து நிமிடம் எல்லாக் கதவையும் மூடிவிடுவேன், இசை இல்லை, விளக்கவுரை இல்லை, பத்து நிமிடம் எவ்வளவு நீளம் என்று மட்டும் தெரியட்டும் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கைக்குழந்தையோட வர்றவங்க இருப்பாங்கய்யா. நீ சிற்பியாகாம எழுத்தாளனானது நல்லதாப் போச்சு" என்றார். சரிதான்.

ஆகவே நான் ஒன்றும் வைக்க மாட்டேன். ஓர் இரவை மட்டும் சொல்வேன். ரத்தன் தேவி என்ற பெண், பாக்குக்குப் பக்கத்தில் வீடு. சுடும் சத்தம் கேட்டு ஓடிவந்து, குவியலில் கணவரின் உடலைக் கண்டெடுத்தார். கட்டில் கொண்டுவரச் சொல்லி ஆள் அனுப்பினார். எட்டு மணிக்கு ஊரடங்கு, யாரும் வெளியே வரவில்லை. இரவு முழுக்க அங்கேயே உட்கார்ந்திருந்தார். நாய்களை விரட்ட ஒரு மூங்கில் கழி கிடைத்தது. பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் வலியில் துடித்துக்கொண்டு, என்னை விட்டுப் போகாதீர்கள் என்றான். குளிருகிறதா, போர்த்தட்டுமா என்று கேட்டார். தண்ணீர் கேட்டான். தண்ணீர் இல்லை. காங்கிரஸ் நியமித்த விசாரணைக் குழுவிடம் அவர் சொன்ன வாக்குமூலம் இது. இதை யாராவது வெண்கலத்தில் வார்த்தால், கண்ணீர் ததும்பும் ஒரு முகமும் மடியில் கிடக்கும் ஒரு தலையும் கட்டாயம் வரும். மூங்கில் கழி வராது. வந்தாலும் அதை வீர வாள் மாதிரி தூக்கிப் பிடித்திருப்பார்.

செத்தவர்களின் எண்ணிக்கையிலும் ஒரு பாடம் உண்டு. அரசாங்கம் முதலில் சொன்னது 291. அலகாபாத் சேவா சமிதி என்ற தொண்டு அமைப்பினர் ஊருக்குள் விசாரித்துப் பட்டியல் எடுத்த பிறகுதான் 379 என்று ஏற்றுக்கொண்டது. காங்கிரஸ் குழு ஆயிரம் இருக்கும் என்றது. பெயர் கொடுக்கவே பலர் பயந்தார்கள். கொடுத்தால், கூட்டத்துக்குப் போன வீடு என்று அடையாளம் வைப்பார்களே! பட்டியலைத் தூக்கிக்கொண்டு கதவு கதவாகத் தட்டியவர்களையும், திறந்து ஒரு பெயரைச் சொன்னவர்களையும் நினைத்தால், அதுதான் அங்கே எழுந்த முதல் நினைவுச்சின்னம் என்று எனக்குத் தோன்றுகிறது. காகிதத்தில்.

கடைசியாக உங்கள் மகன் கேட்டது. 'இவங்க ஏன் சிரிக்கிறாங்க?'

படித்தவுடன், சிற்பிக்கு அறிவில்லை என்று பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டு நாள் கழித்து அப்படித் தோன்றவில்லை. பைசாகிக்கு ஊருக்கு வந்தவர்கள் சந்தில் நுழையும்போது சிரித்துக்கொண்டுதானே போயிருப்பார்கள்? அழுதுகொண்டு உள்ளே போக அவர்களுக்கு என்ன தெரியும்? சிற்பம் அந்த அளவுக்குப் பொய் சொல்லவில்லை. பிரச்சினை என்னவென்றால், அதே சந்தில் அவர்களுக்குப் பின்னால் இன்னொரு கூட்டமும் நுழைந்தது. தொண்ணூறு பேர், சீருடையில். சுவரில் அவர்கள் இல்லை. அதனால்தான் சிரிப்பு அந்தரத்தில் தொங்குகிறது, பையனுக்கும் உறுத்துகிறது. எனக்கு மூன்று பத்தி தேவைப்பட்டதை அவன் ஒரு வரியில் பிடித்துவிட்டான். அவனிடம் இதைச் சொல்லுங்கள்.

இன்னொரு முறை அந்தப் பக்கம் போக வாய்த்தால், கூட்டம் வருவதற்கு முன் காலையிலேயே போங்கள். சிற்பங்களைப் பார்க்க வேண்டாம், தரையைப் பாருங்கள். நீங்களும் வீட்டம்மாவும் மகனும் கைகோத்துக் குறுக்கே நின்று பாருங்கள். எத்தனை பேர் நின்றால் சந்து அடைபடுகிறது, ஒரு கார் அந்த இடத்தில் நுழையுமா என்று மகனையே கணக்குப் போடச் சொல்லுங்கள். விடை என்ன வந்தது என்று எனக்கும் எழுதுங்கள். நான் போனபோது அளக்காமல் வந்துவிட்டேன்.